கொலோசியத்தில் கூட்டத்தை எப்படி ஏற்றி இறக்கினார்கள்? விலங்குகள் எந்த வழியாக வந்தன?

பாலமேட்டு மாடக்காரர் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். பொங்கலை ஒட்டி எங்கள் வட்டாரத்தில் நடக்கும் சல்லிக்கட்டுகளுக்குப் பார்வையாளர் மாடமும் இரட்டைத் தடுப்பும் அமைத்துக் கொடுப்பது எங்கள் குடும்பத் தொழில். சவுக்குக் கட்டை, பலகை, கயிறு, அண்மைக் காலமாகக் கொஞ்சம் இரும்புக் குழாய் என்று வைத்துக் கட்டுவோம். பொறியாளர் வந்து பார்த்து உறுதிச் சான்று கொடுத்த பிறகுதான் ஆட்களை ஏற்றுவோம். விழா முடிந்ததும் பிரித்து வண்டியில் ஏற்றிவிடுவோம். அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் 2024 சனவரியில் ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டதிலிருந்து, பிரிக்க வேண்டாத ஓர் அரங்கை எப்படித் திட்டமிட்டுக் கட்டுகிறார்கள் என்பதில் எனக்கு ஆர்வம் மிகுந்துவிட்டது. அந்த ஆர்வம் என்னை ரோமாபுரியின் கொலோசியம் வரை கொண்டுபோய் விட்டிருக்கிறது.

என் கேள்விகள் தொழில் சார்ந்தவை. ஐம்பதாயிரம் பேர் கூடுகிற இடத்தில், தான் எந்த வாசலில் நுழைய வேண்டும் என்பது ஒருவருக்கு எப்படித் தெரியும்? எல்லாரும் ஒரே நேரத்தில் எழுந்தால் நெரிசல் வராமல் இருக்க என்ன செய்தார்கள்? மேலே துணிப்பந்தல் போட்டார்கள் என்கிறார்கள். நடுவில் கால் ஊன்றாமல் அவ்வளவு அகலத்துக்குப் பந்தல் போடுவது எப்படி? எங்களுக்கு வாடிவாசல் ஒன்றுதான் வழி. காளை அங்கிருந்துதான் வரும் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கே சிங்கமும் கரடியும் தரைக்குள்ளிருந்து எழும்பி வந்தன என்று படித்தேன், அது மெய்தானா? கல்லில் கட்டுவதற்கு முன் அவர்களும் எங்களைப் போல மரத்தில்தான் கட்டினார்களா? இவற்றுக்கெல்லாம் பணம் யார் கொடுத்தது, சீட்டு என்ன விலை? திரைப்படத்தில் பார்த்ததை வைத்து யாரும் விடை சொல்ல வேண்டாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.

பழங்காநத்தம் பொறியாளர் எழுதியது:

தம்பிக்கு வணக்கம். கட்டடப் பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் வாசல், நெரிசல், பந்தல் ஆகிய மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேன். விளையாட்டுகளைப் பற்றி என்னைவிட நன்றாகச் சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

கொலோசியம் நீள்வட்ட வடிவில் அமைந்தது. நீளம் ஏறத்தாழ 188 மீட்டர், அகலம் 156 மீட்டர், வெளிச்சுவரின் உயரம் 48 மீட்டர். நடுவிலுள்ள களம் மட்டும் சுமார் 83 மீட்டருக்கு 48 மீட்டர். நீரோ மன்னன் தன் பொன் மாளிகையின் தோட்டத்தில் வெட்டிய செயற்கை ஏரி இருந்த இடம் அது. ஏரியை வடித்து, அந்தப் பள்ளத்தையே அடித்தளக் குழியாக வைத்துக்கொண்டு, எரிமலை மண் கலந்த சுண்ணாம்புக் கற்காரையை (கான்கிரீட்) ஏறத்தாழ 12 மீட்டர் ஆழத்துக்கு வளையமாக நிரப்பினார்கள். தண்ணீர் நின்ற இடத்தில் இவ்வளவு பாரத்தை ஏற்றத் துணிந்ததுதான் என்னைப் பொறுத்தவரை அந்தக் கட்டடத்தின் முதல் சாதனை. வளைவுகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

பாரம் தாங்கும் தூண்களுக்குத் திவோலியிலிருந்து கொண்டுவந்த டிராவர்டைன் என்னும் சுண்ணக்கல், இடைச்சுவர்களுக்கு எரிமலைக் கல், மேலே போகப் போகச் செங்கல், கூரை வளைவுகளுக்குக் கற்காரை என்று உயரம் கூடக் கூட எடை குறையும்படி பொருள்களை மாற்றியிருக்கிறார்கள். டிராவர்டைன் கற்களைச் சாந்து இல்லாமல் இரும்புக் கவ்விகளால் பிணைத்தார்கள். அந்த இரும்பு மட்டும் 300 டன் ஆகியிருக்கும் என்பது மதிப்பீடு. இன்றைக்குப் படங்களில் சுவரெங்கும் அம்மைத் தழும்பு போலத் தெரியும் குழிகள், இடைக்காலத்தில் அந்த இரும்பைத் தோண்டி எடுத்தவர்கள் விட்டுச் சென்றவை.

இப்போது வாசலுக்கு வருகிறேன். தரைத்தளத்தில் 80 வளைவு வாசல்கள் உள்ளன. நீள்வட்டத்தின் நான்கு முனைகளிலும் இருந்தவை பேரரசர், பெருந்தலைகள், களத்தில் இறங்குவோர் ஆகியோருக்கு உரியவை. அவற்றுக்கு எண் கிடையாது. மற்ற 76 வாசல்களுக்கும் வளைவின் மேல் எண் செதுக்கியிருந்தார்கள். வெளிச்சுவர் இன்றும் நிற்கும் வடக்குப் பக்கத்தில் 23 முதல் 54 வரையுள்ள எண்களைப் படிக்கலாம். பார்வையாளரின் கையில் சீட்டாக உள்ள சில்லில் அவர் போக வேண்டிய இடம் குறிக்கப்பட்டிருக்கும். எண்ணைப் பார்த்து நுழைந்தால், அந்த வாசலின் படிக்கட்டு அவரை அவருடைய தட்டுக்குத்தான் கொண்டு சேர்க்கும்.

சூட்சுமம் இங்கேதான் இருக்கிறது. கீழ்வரிசைப் பெரியவர்கள் தரைமட்டத்திலேயே நேராக நடந்து தம் இருக்கைக்குப் போய்விடுவார்கள். உச்சித் தட்டுக்குப் போகிறவர்கள் வேறு படிக்கட்டில் ஏறிப் போவார்கள். இந்த இரண்டு கூட்டமும் வழியில் குறுக்கிட்டுக்கொள்ளாதபடி படிக்கட்டுகளைப் பிரித்திருக்கிறார்கள். ஒவ்வொரு தளத்திலும் கட்டடத்தைச் சுற்றி வரும் நடைகூடங்கள் இருப்பதால், ஓரிடத்தில் அடைத்துக்கொண்டாலும் கூட்டம் பக்கவாட்டில் வழிந்து அடுத்த படிக்கட்டைப் பிடித்துவிடலாம். அரங்கு பத்தே நிமிடத்தில் காலியாகும், பதினைந்து நிமிடத்தில் காலியாகும் என்று இணையத்தில் உலவும் எண்களுக்குப் பழைய சான்று எதுவும் கிடையாது. அவை இக்காலத்தவர் போட்ட கணக்கு. வழிகளைப் பிரித்த முறையைப் பார்த்தால் நெரிசலைப் பற்றி நன்றாக யோசித்திருக்கிறார்கள் என்பது மட்டும் தெளிவு.

பந்தல் விஷயம். வெளிச்சுவரின் உச்சியில் 240 கல் தாங்கிகள் துருத்திக்கொண்டிருந்தன. மேல் விளிம்பில் இட்ட துளைகள் வழியாகக் கம்பங்களை இறக்கி அந்தத் தாங்கிகளில் ஊன்றினார்கள். கம்பங்களிலிருந்து கயிறுகளைக் களத்தை நோக்கி இழுத்து, அவற்றின் மேல் துணியை விரித்தார்கள். நடுவில் வானம் திறந்தே இருக்கும். நிழல் இருக்கைகளுக்கு மட்டும்தான். நடுக்கால் தேவைப்படாததற்குக் காரணம் அதுவே. இந்த வேலைக்கு மிசேனம் கடற்படைத் தளத்து மாலுமிகளை வைத்திருந்தார்கள். கப்பல் பாயை ஏற்றி இறக்கிப் பழகியவர்களைக் கூப்பிட்டதில் வியப்பில்லை. காற்று திரும்பும்போது துணி என்ன செய்யும் என்பது உங்களுக்கும் தெரியும்தானே.

வடக்கு மாசி வீதி வாசகி எழுதியது:

மாடக்கார அண்ணனுக்கு வணக்கம். வரலாறு கற்பிக்கும் பணியில் இருப்பதால் மரம், பணம், சீட்டு ஆகியவற்றைப் பற்றி நான் எழுதுகிறேன்.

ஆம், அவர்களும் நெடுங்காலம் மரத்தில்தான் கட்டினார்கள். கிளாடியேட்டர் சண்டை தொடங்கியது துக்க வீட்டில். கி.மு. 264இல் புரூட்டஸ் பேரா என்பவரின் நீத்தார் சடங்கில், அவருடைய பிள்ளைகள் மாட்டுச் சந்தைத் திடலில் மூன்று இணை வீரர்களை மோத விட்டதுதான் ரோமாபுரியில் பதிவாகியிருக்கும் முதல் நிகழ்ச்சி. பிறகு மெல்ல மெல்லச் சடங்கு சாக்காகி, தேர்தலுக்கு நிற்பவர்கள் மக்களின் மனத்தைப் பிடிக்கும் வழியாக அது மாறியது. ஜூலியஸ் சீசர் கி.மு. 65இல், தந்தை இறந்து இருபது ஆண்டு கழித்து, அவர் நினைவாக 320 இணை வீரர்களை இறக்கினார் என்றால் அதை நீத்தார் கடன் என்று யாரும் நம்பியிருக்க மாட்டார்கள். அக்காலத்தில் நகர மன்றத் திடலில் மரப்படிகளை அடுக்கி, ஆட்டம் முடிந்ததும் பிரித்துவிடுவார்கள். கல்லில் கட்டி இன்றும் நிற்பவற்றுள் மிகப் பழையது, ஏறத்தாழ கி.மு. 70இல் எழுந்த பொம்பெயி அரங்கு. தலைநகரத்தில் ஸ்டாட்டிலியஸ் டாரஸ் கி.மு. 29இல் கட்டிய அரங்கு கி.பி. 64இன் பெருந்தீயில் அழிந்தது.

உங்கள் தொழிலில் இருப்பவர்கள் அறிந்திருக்க வேண்டியது ஃபிதேனே விபத்து. கி.பி. 27இல் ரோமாபுரிக்கு அருகிலுள்ள அந்த ஊரில், அடிமை நிலையிலிருந்து விடுதலை பெற்ற அட்டிலியஸ் என்பவர் வருமானத்துக்காக ஒரு மர அரங்கைக் கட்டினார். அடித்தளத்தை உறுதியான நிலத்தில் போடவில்லை, மரங்களை இறுக்கிப் பிணைக்கவும் இல்லை என்று வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். திபேரியஸ் ஆட்சியில் வேடிக்கை குறைந்து ஏங்கியிருந்த மக்கள் திரண்டு வந்து ஏறியபோது அது உள்ளும் வெளியுமாகச் சரிந்தது. இறந்தவர்களும் ஊனமுற்றவர்களுமாக 50,000 பேர் என்பது டாசிட்டஸ் கணக்கு. இறந்தவர்கள் மட்டும் 20,000க்கு மேல் என்பது இன்னொரு வரலாற்றாசிரியரான சுவெட்டோனியஸ் கணக்கு. எண்களை அப்படியே ஏற்க வேண்டியதில்லை. ஆனால் அதன் பிறகு செனட் சபை போட்ட ஆணை கவனிக்கத்தக்கது. 400,000 செஸ்டெர்ஸ் காசுக்குக் குறைந்த சொத்துடையவர் கிளாடியேட்டர் காட்சி நடத்தக்கூடாது. நிலத்தின் உறுதியைச் சோதித்த பிறகுதான் அரங்கு எழுப்ப வேண்டும். நீங்கள் வாங்கும் உறுதிச் சான்றுக்கு இரண்டாயிரம் ஆண்டு மூத்த உறவு அது.

கொலோசியத்துக்குப் பணம் போரிலிருந்து வந்தது. நீரோ இறந்த பிறகு நடந்த உள்நாட்டுப் போரில் வென்று அரியணை ஏறிய வெஸ்பாசியன், மக்களிடமிருந்து நீரோ வளைத்துக்கொண்ட நிலத்தையே மக்களின் களிப்புக்குத் திருப்பிக் கொடுப்பதாகக் காட்டிக்கொண்டார். கி.பி. 70இல் எருசலேம் வீழ்ந்தபோது கிடைத்த கொள்ளைப் பொருள் கையில் இருந்தது. கொலோசியத்தில் கிடைத்த ஒரு கல்லில், பழைய வெண்கல எழுத்துகளைப் பதித்த துளைகள் மட்டும் எஞ்சியிருந்தன. அல்ஃபோல்டி என்னும் அறிஞர் 1995இல் அந்தத் துளைகளின் வரிசையைக் கொண்டே, போரில் கிடைத்த பொருளால் இந்தப் புதிய அரங்கு கட்டப்பட்டது என்ற வாசகத்தை மீட்டார். வெஸ்பாசியன் கட்டி முடிவதைப் பார்க்காமலே இறந்தார். மகன் டைட்டஸ் கி.பி. 80இல் நூறு நாள் விழாவோடு திறந்தார். இளைய மகன் டொமீஷியன் மிச்ச வேலைகளை முடித்தார்.

சீட்டுக்கு விலை கிடையாது. காட்சி என்பது ஆள்பவரோ பதவியில் இருப்பவரோ மக்களுக்கு அளிக்கும் கொடை. சில்லுகள் செல்வாக்கு உள்ளவர்கள் வழியாகக் கீழே இறங்கி வரும். இலவசம் என்பதற்காக எங்கு வேண்டுமானாலும் உட்கார்ந்துவிட முடியாது. களத்தை ஒட்டிச் செனட்டர்கள், அவர்களுக்கு மேல் குதிரை வீரர் வகுப்பு, அதற்கும் மேல் பொது மக்கள், உச்சியில் மரப்பலகையில் ஏழைகளும் பெண்களும். வெஸ்டா கோயில் கன்னியர் மட்டும் முன்வரிசையில் அமரும் பெண்கள். ஆர்வல் என்னும் பூசாரிக் குழுவுக்கு எந்தத் தட்டில், எத்தனை படியில், எத்தனை அடி நீளம் என்று கி.பி. 80இல் ஒதுக்கியதைக் கல்வெட்டில் அங்குலம் பிசகாமல் பொறித்திருக்கிறார்கள். கல்யாண வீட்டு முதல் பந்தியைவிடக் கறாரான ஏற்பாடு.

மதுரைக்காரர்களுக்குப் பிடிக்கும் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். இந்தக் காட்சிகளுக்குச் சுவர் விளம்பரம் உண்டு. பொம்பெயிச் சுவர் ஒன்றில், லுக்ரேஷியஸ் சட்ரியஸ் வாலென்ஸ் என்பவர் அளிக்கும் இருபது இணை வீரர்களும் அவர் மகன் அளிக்கும் பத்து இணை வீரர்களும் ஏப்ரல் 8 முதல் 12 வரை மோதுவார்கள், விலங்கு வேட்டையும் உண்டு, துணிப்பந்தலும் உண்டு என்று எழுதியிருக்கிறது. பந்தல் உண்டு என்பது கூட்டத்தை இழுக்கும் செய்தி. கூடவே, இதை ஏமிலியஸ் செலர் நிலா வெளிச்சத்தில் தனியாக எழுதினான் என்று எழுதியவர் தம் பெயரையும் சேர்த்துவிட்டார். நம் ஊர்ச் சுவரொட்டியில் கொடையாளர் பெயரும் அச்சகத்தின் பெயரும் இருக்கும்; இரவில் ஒட்டியவரின் பெயர் இருந்து நான் பார்த்ததில்லை.

செல்லூர் ஐயப்பாட்டாளர் எழுதியது:

அம்மையார் எழுதியது நன்று. ஆனால் பொதுவாகச் சொல்லப்படும் நான்கைந்து செய்திகளை யாரும் தொடவில்லையே. கட்டை விரலைக் கீழே காட்டினால் கொல்ல வேண்டும், களத்தில் இறங்குபவர்கள் ‘சாகப் போகிற நாங்கள் உம்மை வணங்குகிறோம்’ என்று பேரரசருக்குச் சொல்வார்கள், சண்டையில் ஒருவர் செத்தே ஆக வேண்டும், கிறித்தவர்களைக் கூட்டம் கூட்டமாக இங்கே சிங்கத்துக்குப் போட்டார்கள், களத்தில் தண்ணீர் நிரப்பிக் கப்பல் விட்டார்கள். இவற்றில் எது நிற்கும், எது நிற்காது?

வடக்கு மாசி வீதி வாசகி எழுதியது:

ஐயா, பெரும்பாலானவை அப்படியே நிற்காது.

கட்டை விரலைத் திருப்பிக் காட்டினார்கள் என்பது இலக்கியத்தில் உண்டு. மேலா, கீழா, பக்கவாட்டிலா என்பதை அந்தச் சொற்களிலிருந்து பிரித்தறிய இயலாது. இன்று எல்லார் மனத்திலும் பதிந்திருப்பது 19ஆம் நூற்றாண்டு ஓவியங்களின் விரல். அந்த வணக்க வாசகமும் கொலோசியத்தைச் சேர்ந்ததன்று. கொலோசியம் கட்டுவதற்கு முன், கிளாடியஸ் பேரரசர் கி.பி. 52இல் ஃபூசின் ஏரியில் நடத்திய கடற்போர்க் காட்சியில், மரண தண்டனை பெற்ற கைதிகள் ஒரு முறை அப்படிச் சொன்னதாகத்தான் பதிவு இருக்கிறது.

செத்தே ஆக வேண்டும் என்பதற்கு எதிராகப் பேசுவது பணம். பயிற்சிக்கூட உரிமையாளரிடமிருந்து வீரர்களை வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா என்பதைப் பற்றிக் காயஸ் என்னும் சட்ட அறிஞர் ஓர் எடுத்துக்காட்டு தருகிறார். வீரர் காயமின்றித் திரும்பினால் தலைக்கு 20 தெனாரி (ரோமானிய வெள்ளிக் காசு). இறந்தாலோ முடமானாலோ 1,000 தெனாரி. முதலாவது வாடகை, இரண்டாவது விற்பனை என்பது அவர் முடிவு. ஐம்பது மடங்கு பணம் கொடுக்க வேண்டியிருக்கும்போது, காட்சி கொடுப்பவர் ஒவ்வொரு சண்டையிலும் உயிரைக் கேட்க மாட்டார். சிசிலியில் கிடைத்த கல்லறைக் கல்வெட்டு ஒன்று, சிரியாவில் பிறந்த ஃபிளாம்மா என்ற வீரர் 34 முறை களம் கண்டார், 21இல் வென்றார், 9 சமன், 4 முறை தோற்றும் உயிர்ப்பிச்சை பெற்றார், 30 வயது வாழ்ந்தார் என்கிறது. நடுவர் உண்டு, விதி உண்டு, மருத்துவர் உண்டு. பிற்காலத்தில் மருத்துவ உலகையே ஆண்ட காலென், பெர்கமோனில் கிளாடியேட்டர்களின் மருத்துவராகத்தான் கை பழகினார். இதனால் அது மென்மையான விளையாட்டு என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முப்பது வயதில் போனவரும் தப்பித்தவர் கணக்கில் எண்ணப்படும் ஓர் உலகம் அது.

உண்மையான கொலைக்களம் நண்பகல் வேளையில் இருந்தது. காலையில் விலங்கு வேட்டை, உச்சிப் பொழுதில் குற்றவாளிகளுக்குத் தண்டனை, பிற்பகலில் கிளாடியேட்டர் என்பதே வழக்கமான முறை. அந்த நண்பகல் காட்சியை எதிர்பாராமல் பார்க்க நேர்ந்த தத்துவ அறிஞர் செனகா, தற்காப்புக் கவசமே இல்லாதவர்களை வெட்டவிடும் வெறும் கொலை என்று எழுதி, கூட்டத்தோடு இருந்துவிட்டு வந்தால் தாம் மனிதத் தன்மை குறைந்து திரும்புவதாக நொந்துகொள்கிறார். கிறித்தவர்கள் அரங்குகளில் கொல்லப்பட்டதற்குச் சான்று உண்டு, கி.பி. 177இல் லியோனிலும் 203இல் கார்த்தேஜிலும் நடந்தவை உறுதியானவை. கொலோசியத்திலேயே நடந்தது என்று உறுதிசெய்யும் சமகாலச் சான்றுதான் இல்லை. 18ஆம் நூற்றாண்டில் போப் பதினான்காம் பெனடிக்ட் அந்த இடத்தைக் கிறித்துவின் பாடுகளுக்கு அர்ப்பணித்தார். அதன் புனிதப் பெயர் அப்போதிலிருந்து வலுப்பெற்றது.

கப்பல் கதையில் இரண்டு பழைய ஆசிரியர்கள் முரண்படுகிறார்கள். டைட்டஸ் இந்த அரங்கையே திடீரென நீரால் நிரப்பினார் என்பது காஸியஸ் டியோ. கடற்போர் பழைய நீர்நிலையில் நடந்தது என்பது சுவெட்டோனியஸ். களத்தின் அடியில் நிலவறைகள் கட்டிய பிறகு நீர் நிரப்ப வழியே இல்லை என்பதால், நடந்திருந்தாலும் அது தொடக்க ஆண்டுகளில் மட்டும்தான்.

வைகைக்கரை வாசகர் எழுதியது:

ஒரு துணைச் செய்தி. நம் பாண்டிய நாட்டையும் மதுரையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்ட ரோமானிய எழுத்தாளர் பிளினி, கி.பி. 79இல் வெசூவியஸ் எரிமலை வெடிப்பில் இறந்தார். அடுத்த ஆண்டு கொலோசியம் திறக்கப்பட்டது. அதாவது இந்த அரங்கு கட்டப்பட்ட காலமும் நம் கரைகளுக்கு யவனக் கப்பல்கள் வந்துபோன காலமும் ஒன்றே. வைகை கடலில் கலக்கும் அழகன்குளத்தில் பிற்கால ரோமானியக் காசுகளும் கிடைத்திருக்கின்றன.

இதை வைத்துக்கொண்டு, கொலோசியத்துப் புலியெல்லாம் பாண்டியன் அனுப்பியது என்று முகநூலில் எழுதுவதை மட்டும் தயவுசெய்து நிறுத்த வேண்டும். அகஸ்டஸ் சாமோஸ் தீவில் தங்கியிருந்தபோது இந்தியத் தூதர்கள் கொண்டுவந்த பரிசுகளில் புலிகள் இருந்தன என்றும், ரோமானியர் புலியைப் பார்த்தது அதுவே முதல் முறை என்றும் காஸியஸ் டியோ எழுதுகிறார். அகஸ்டஸுக்குத் தூது அனுப்பிய அரசன் பாண்டியன் அல்லது போரஸ் என்று புவியியல் நூலாசிரியர் ஸ்திராபோ சொல்கிறார். இரண்டையும் ஒட்டித் தைப்பதற்குப் போதுமான நூல் இல்லை. சிங்கமும் சிறுத்தையும் பெரும்பாலும் வட ஆப்பிரிக்காவிலிருந்தும் ஆசியா மைனரிலிருந்தும் வந்தன. சிலிசியாவில் ஆளுநராக இருந்த சிசரோவுக்கு, தாம் நடத்தவிருந்த விழாவுக்குச் சிறுத்தை அனுப்பும்படி அவருடைய நண்பர் கேலியஸ் கடிதத்துக்கு மேல் கடிதம் போட்டு நச்சரிக்கிறார். ‘இங்கே சிறுத்தைகள் அருகிவிட்டன. என் மாகாணத்தில் தங்களைத் தவிர வேறு யாருக்கும் கண்ணி வைப்பதில்லையே என்று குறைபட்டுக்கொண்டு, அவை பக்கத்து மாகாணத்துக்குக் குடிபோக முடிவெடுத்துவிட்டதாகக் கேள்வி’ என்று சிசரோ கிண்டலாகப் பதில் எழுதினார்.

யானையைக் கோயில் வாசலில் பார்த்து வளர்ந்த நமக்கு இன்னொரு நிகழ்ச்சி உறைக்கும். கொலோசியத்துக்கு வெகுமுன்பு, கி.மு. 55இல், பாம்பே என்னும் தளபதி தேரோட்டத் திடலில் ஏறத்தாழ இருபது யானைகளை ஈட்டி வீரர்களோடு மோத விட்டார். யானைகள் முதலில் இரும்புத் தடுப்பை முட்டி உடைக்கப் பார்த்தன. தப்பும் வழி இல்லை என்று தெரிந்ததும், கூட்டத்தைப் பார்த்துத் துதிக்கையை அசைத்து, புலம்புவது போல ஓலமிட்டு இரக்கம் கேட்டன என்கிறார் பிளினி. கூட்டம் கண்ணீரோடு எழுந்து நின்று பாம்பேயைச் சபித்தது. அங்கே இருந்த சிசரோ, அந்த விலங்குக்கும் மனித குலத்துக்கும் ஏதோ உறவு இருக்கிறது என்ற எண்ணம் எல்லாருக்கும் வந்தது என்று நண்பருக்கு எழுதினார். ஆனால் டைட்டஸின் தொடக்க விழாவில் 9,000 விலங்குகள் கொல்லப்பட்டதாக டியோ எழுதுகிறார். டேசியப் போர் வெற்றிக்காக டிராஜன் நடத்திய 123 நாள் விழாவில் 11,000. இரக்கம் ஒரு நாள் வந்தது, வழக்கம் தொடர்ந்து நடந்தது.

பாலமேட்டு மாடக்காரர் எழுதியது:

பொறியாளர் ஐயாவுக்கும் அம்மாவுக்கும் மற்றவர்களுக்கும் மிக்க நன்றி. ஃபிதேனே செய்தியை எங்கள் ஆட்களுக்கு வாசித்துக் காட்டினேன். நிலத்தைச் சோதிக்கச் சொன்ன அந்த ஆணை எங்களுக்கு நன்றாகவே புரிகிறது. மழை பெய்து இளகிய மண்ணில் கட்டையின் கால் எப்படி இறங்கும் என்பதைப் பார்த்தவர்கள் நாங்கள். எஞ்சியவை இரண்டு. விலங்கு தரைக்குள்ளிருந்து வந்தது எப்படி, அது மேலே பார்வையாளர் பக்கம் பாயாமல் இருக்க என்ன தடுப்பு? அடுத்து, இவ்வளவு உறுதியாகக் கட்டிய அரங்கில் ஒரு பக்கம் மட்டும் இடிந்து கிடப்பது ஏன்?

பழங்காநத்தம் பொறியாளர் எழுதியது:

தம்பி, முதலில் நிலவறை. களம் என்பது மரப்பலகைத் தளம். அதன் மேல் மணல். டொமீஷியன் காலத்தில் அதன் அடியில் இரண்டு அடுக்காக, ஏறத்தாழ 6 மீட்டர் ஆழத்துக்கு நடைகூடங்களும் அறைகளும் கட்டினார்கள். கிழக்குப் பக்கத்தில் இருந்த கிளாடியேட்டர் பயிற்சிக்கூடத்திலிருந்து உள்ளே வரச் சுரங்க வழி இருந்தது. கீழ்த்தளத்தில் செங்குத்தான தண்டு நட்டு, அதில் குறுக்குக் கட்டைகளைப் பொருத்தி, செக்குச் சுற்றுவது போல ஆட்கள் தள்ளிக்கொண்டு சுற்றினால், கயிறு சுற்றிக்கொண்டு கூண்டை மேலே தூக்கும். தண்டு சுழல்வதற்காகத் தரையில் பதித்த வெண்கலக் குழிகள் இன்றும் அங்கே உள்ளன. கூண்டு மேலே வந்ததும் அதன் கதவு திறக்கும். விலங்கு சாய்தளத்தில் ஏறி, தரையில் திறக்கும் பொறிக்கதவு வழியாகக் களத்துக்குள் வந்துவிடும். 2015இல் அப்படி ஒரு மரத் தூக்கியைச் செய்து உள்ளே நிறுவிக் காட்டினார்கள். கூட்டத்துக்கு எந்தப் பலகை திறக்கும் என்று தெரியாது. வாடிவாசலில் எல்லாருடைய கண்ணும் ஒரே இடத்தில் நிற்கும்; இங்கே கண்ணை அலைய விடுவதே திட்டம்.

தடுப்பைப் பற்றிக் கால்பூர்னியஸ் என்ற கவிஞர் ஓர் அருமையான குறிப்பு தருகிறார். அவர் பாடியது நீரோ காலத்து மர அரங்கை என்பது பலருடைய கருத்து. களத்துச் சுவரின் விளிம்பில் தந்தம் இழைத்த உருளைகளைச் சுழலும்படி பொருத்தியிருந்தார்களாம். விலங்கு தாவி நகத்தைப் பதித்தால் உருளை சுழன்று அதைக் கீழே தள்ளிவிடும். அதற்கு முன்னால் யானைத் தந்தங்களில் மாட்டிய பொன் இழை வலையும் இருந்தது. தந்தமும் பொன் இழையும் பகட்டு. சுழலும் உருளை தொழில் அறிவு. உங்கள் இரட்டைத் தடுப்பின் மேல் குழாயில் இதை முயன்று பார்க்கலாமா என்று எனக்கே தோன்றுகிறது, ஆனால் ஆட்கள் ஏறித் தொங்கும் இடத்தில் சுழலும் குழாய் வேறு தொல்லையைக் கொண்டுவரும்.

இடிந்ததற்கு வருகிறேன். கி.பி. 217இல் மின்னல் தாக்கி எரிந்து, மேல் மரத் தட்டுகள் போய், செப்பனிடப் பல ஆண்டுகள் ஆயின. கிளாடியேட்டர் சண்டைகள் ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஓய்ந்தன; விலங்கு வேட்டை கடைசியாக 523இல் நடந்ததாகப் பதிவு. காட்சி நின்றதும் பராமரிப்பும் நின்றது. பிறகு உள்ளே வீடுகள், பட்டறைகள், பிராஞ்சிபானி என்னும் குடும்பத்தின் கோட்டை என்று என்னென்னவோ ஆனது. தெற்குப் பக்கத்தின் அடியில் இருந்தது ஆற்று வண்டல்; வடக்கு அதைவிடக் கெட்டியான மண். 1349இன் நிலநடுக்கத்தில் தெற்கு வெளிச்சுவர் சரிந்தது. விழுந்த கல்லைத் திருச்சபையும் பிரபுக்களும் அள்ளிக்கொண்டு போய் மாளிகைகளும் கோயில்களும் கட்டினார்கள். பளிங்கைச் சுட்டுச் சுண்ணாம்பு ஆக்கினார்கள்.

வடக்குச் சுவர் அறுந்து நிற்கும் இரண்டு முனைகளையும் 19ஆம் நூற்றாண்டில் முட்டுக் கொடுத்து நிறுத்தினார்கள். கிழக்கு முனையில் ஸ்டெர்ன் 1806–07இல், சரிந்துகொண்டிருந்த வளைவுக் கற்களை அவை இறங்கிய நிலையிலேயே செங்கல் வைத்து அடைத்து, பெரிய சாய்சுவர் ஒன்றை எழுப்பினார். மேற்கு முனையில் வலாடியே 1820களில், பழைய வளைவுகளின் வடிவிலேயே செங்கல்லால் படிப்படியாகக் கட்டி இணைத்தார். அழகு என்று கேட்டால் வலாடியேயின் வேலைதான். ஆனால் விரிசல் எந்தக் கோணத்தில் ஓடியது, எந்தக் கல் எவ்வளவு இறங்கியது என்பதை இன்றைக்கும் அளந்து பார்க்கும்படி விட்டுவைத்தது ஸ்டெர்ன். தொழில்முறையில் நான் அவர் பக்கம்.